ஒட்டாத டப்பாக்கள்

எந்திரம் வந்த அன்று எங்கள் யார்டில் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை. மேனேஜர்கூட இல்லை. அவருக்கு அது கம்பெனிப் பெருமை. எனக்கு அது என் வீட்டுக்காரர் உயிர்.

என் பெயர் மலர்க்கொடி. வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. நானும் வீட்டுக்காரர் பீம்ராவும் மணலியில் ஒரே காண்டிராக்டரிடம் வேலை செய்கிறோம். பெரிய பெரிய எண்ணெய் டேங்குகளின் அடியில் தங்கிப்போகிற சகதியை வாரி வெளியே கொட்டும் வேலை. நான் வெளியே நின்று சாமான்களைக் கழுவித் துடைத்து எடுத்து வைப்பவள். அவர் உள்ளே போகிறவர். டேங்கின் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் வட்டமாக ஒரு வாசல் இருக்கும். மேன்ஹோல் என்போம். அதற்குள் ஒருக்களித்து நுழைந்தால் கும்மிருட்டு, முட்டி வரை கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம். நாற்றம் அடிக்கிறவரைகூடப் பரவாயில்லை. திடீரென்று நாற்றம் தெரியாமல் போனால்தான் ஆபத்து, விஷவாயு மூக்கைச் சாகடித்துவிட்டது என்று அர்த்தம். அவருடைய தோஸ்து நிலவன் அப்படித்தான் ஒரு டேங்குக்குள் விழுந்தான். வெளியே இழுத்துப் போட்டது என் வீட்டுக்காரர்தான். இழுத்துப் போட்டபோது நிலவனுக்கு மூச்சில்லை.

அதற்கப்புறம் இவர் கிளம்புகிற ஒவ்வொரு காலையும் எங்கள் வீட்டில் சண்டைதான். வேறு வேலை பார் என்று நான் கத்தாத நாளில்லை. "எனுக்கு இன்னா தெரியும் மலரு? சேறு வாரத்தான் தெரியும்" என்பார். சாயங்காலம் மாடி ஏறும்போது பாதியிலேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவார். மூச்சு வாங்கும். தலையணை உறையெல்லாம் கறுப்பு. துவைத்துத் துவைத்து என் கை ஓய்ந்துபோனது. குழம்பில் உப்பே போட மறந்தாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். நாக்கும் மூக்கும் செத்துப்போனவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

அப்போதுதான் அது வந்தது. பெங்களூர்க்காரர்கள் செய்தது, வெள்ளோட்டம் பார்க்க எங்கள் கம்பெனிக்குக் கொடுத்திருந்தார்கள். டிபன் பாக்ஸ் அளவில் சதுர டப்பாக்கள், இருபத்துச் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், எல்லாப் பக்கமும் கொக்கி. கோத்துக்கொண்டு பாம்பு மாதிரி நீளும். பிறகு தானாகவே பிரியும். பிரிந்த டப்பாக்கள் தனித்தனியாக உருண்டு, ஒன்றையொன்று தேடிப் பிடித்து, வேறு விதமாகக் கோத்துக்கொண்டு அகலமாக நிற்கும். மேன்ஹோல் வழியாகப் பாம்பாகப் போய், உள்ளே அகலமாகிச் சேற்றைக் குழாய் வாய்க்குத் தள்ளிவிட்டு, மறுபடி பாம்பாகி வெளியே வந்துவிடும். முதல் தடவை யார்டில் அது பிரிந்து சேர்ந்ததைப் பார்த்து எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓட்டுகிறவன் ஜெரி, ராயபுரத்துப் பிள்ளை, பெங்களூர் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவன். "அக்கா, ரோபோவைப் பாத்து அழுவுற மொத ஆளு நீதான்" என்று கிண்டல் செய்தான்.

செய்யட்டும். இரண்டு சின்ன டேங்குகளை அது சுத்தம் செய்தது. என் வீட்டுக்காரர் டப்பாக்களைத் தூக்கி வந்து கோத்துவிட்டு, வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தார். தலையணை உறை வெள்ளையாக இருந்தது. ஒரு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் முகத்தைச் சுளித்து, "இன்னா மலரு, கொயம்புல இவ்ளோ உப்பு?" என்றார். திட்டு வாங்கி அப்படிப் பூரித்துப்போனவள் இந்த ஊரிலேயே நானாகத்தான் இருப்பேன்.

அப்புறம் ஆயுத பூசை வந்தது.

எங்கள் வீட்டில் புத்தர் படம்தான். பூசைக்கெல்லாம் நாங்கள் நிற்பதில்லை, பொரி கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். ஆனால் யார்டில் அன்று வேலை கிடையாது. கம்ப்ரசர், பம்பு, லாரி, ஸ்பானர் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, மேனேஜர் அருள்நாதன் கையால் கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைப்பார்கள். முன்னின்று எல்லாம் செய்வது மேஸ்திரி நீலமேகம். நல்ல மனுஷன். ஆனால் வயசானவர்களுக்கே உரிய பிடிவாதம் உண்டு.

டப்பாக்களிடம் வந்தபோது மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லாரிக்கு முன்பக்கம் உண்டு, பம்புக்குத் தலை உண்டு. இதற்கு நெற்றி எங்கே?

"ஒண்ணா கோத்துட்டு ஒரு பொட்டு வெச்சா ஆவாதா?" என்றான் ஜெரி.

"எப்பிட்ரா ஆவும்? தனித்தனியா ஓடுதா இல்லியா? ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு உட்டா அது மனசு இன்னா பாடுபடும்?" என்றார் மேஸ்திரி.

ஒவ்வொரு டப்பாவுக்கும் எல்லாப் பக்கத்திலும் நட்டநடுவில் பொட்டளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வட்டம் இருந்தது. அதைப் பார்த்ததும் மேஸ்திரிக்குப் பரம திருப்தி. "பாரு, பொட்டு வெக்கவே எடம் உட்டுக் குட்த்துகீறான்!" ஜெரி அதை ஏதோ லைட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தான், அதனால் அவனும் தடுக்கவில்லை. டப்பா டப்பாவாக, பக்கம் பக்கமாக, சந்தனத்தை அப்பி அதன் மேல் குங்குமம் வைத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. மேனேஜர் அந்த வரிசைக்குத் தான் கற்பூரம் காட்டுவதைப் போட்டோ எடுக்கச் சொல்லித் தன் வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டார்.

பூசை முடிந்து இரண்டு நாள் விடுமுறை. வேலை தொடங்குகிற அன்று காலையில் நான் வழக்கம்போல டப்பாக்களைத் துடைக்கத் துணியை எடுத்தேன். மேஸ்திரி ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"எம்மா, பொட்ட அயிக்கலாமா? நீ ஒரு பொம்பள, நீயே அயிப்பியா? அதுவா உதுந்து போவட்டும்."

"இரும்புச் சாமானுக்குத் தாலி கட்டி வெச்சிகீறியா மேஸ்திரி?" என்று எரிந்து விழுந்தேன். என் வீட்டுக்காரர்தான், "உடு மலரு, அவுரு மனசு கஸ்டப்படும்" என்று துணியை வாங்கி வைத்தார். எனக்கென்ன தெரியும், விட்டுவிட்டேன். அன்றைய டேங்க் பெரியது. மறுநாள் சாயங்காலத்துக்குள் சுத்தம் செய்து கொடுத்தாக வேண்டும். டேங்குக்குச் சொந்தக்காரக் கம்பெனியிலிருந்து இரண்டு அதிகாரிகள் எந்திரத்தைப் பார்க்க வந்திருந்தார்கள்.

கையால் கோத்துவிட்ட பாம்பு அழகாக மேன்ஹோலுக்குள் போயிற்று. பொட்டும் சந்தனமுமாக அது வளைந்து வளைந்து போனதைப் பார்த்து மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். முதல் டப்பாவின் மூலையில், பொட்டு படாத இடத்தில் கேமரா. ஜெரி மடியிலிருந்த திரையில் உள்ளே நடப்பது தெரிந்தது. டேங்கின் நடுப்பக்கம் போனதும் அவன் பொத்தானைத் தட்டினான். பாம்பு பிரிந்தது. டப்பாக்கள் உருண்டன. நாங்கள் எல்லோரும் அது சேர்வதற்காகக் காத்திருந்தோம்.

சேரவில்லை.

ஒன்று ஒன்றின் பக்கத்திலேயே போய், தொடாமல் தாண்டிப் போயிற்று. ஒன்று டேங்கின் சுவரில் முட்டி முட்டி நின்றது. இரண்டு டப்பாக்கள் நேருக்கு நேர் மோதி, கொக்கியை நீட்டி, காற்றைப் பிடித்து, மடக்கிக்கொண்டன. திருவிழாக் கூட்டத்தில் கையை விட்ட பிள்ளைகள் மாதிரி அத்தனையும் இருட்டில் அலைந்தன. ஜெரி மறுபடி தட்டினான். மறுபடி அலைந்தன. அவன் முகம் வெளுத்தது. பெங்களூருக்கு வீடியோ கால் போட்டான்.

"வெளியில ஸ்பேர் டப்பா இருக்கா? எடுத்துக் காட்டுங்க" என்றார் பெங்களூர் சார்.

ஜெரி ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

"அது என்ன, சிவப்பா?"

"குங்குமம் சார்."

"என்னது?"

"குங்குமம் சார். ஆயுத பூசைக்கி வெச்சது."

 "எல்லா டப்பாவுலயுமா?"

"எல்லா டப்பாவுலயும். எல்லாப் பக்கமும் சார்."

"அது அதோட கண்ணு, ஜெரி. அது வழியாத்தான் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கும். கண்ணு மேல சந்தனத்தை அப்பினா எப்படிச் சேரும்? யாராவது உள்ள போய்த் துடைச்சுவிட்டாத்தான் உண்டு" என்றார். கத்தக்கூட இல்லை. அவருக்கும் அலுத்துப்போயிருக்க வேண்டும்.

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜர் அருள்நாதன் எங்கள் பக்கம் திரும்பி, "பொட்டு வெச்சது யாரு?" என்றார். கற்பூரம் காட்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்கிறார்!  மேஸ்திரி சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"நான் வெச்சது சார். நானே போயி தொடச்சிட்டு வரேன்."

மேன்ஹோல் ஓரத்தில் தொங்கிய, விஷவாயு இருந்தால் எச்சரிக்கிற கேஸ் மீட்டர் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. எந்திரம்தானே போகிறது என்று காற்றுப் போக்கும் விசிறியைக்கூட அன்று வைக்கவில்லை. மேஸ்திரிக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு. அந்த மனுஷன் உள்ளே போனால் திரும்ப மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். அவர் மீட்டரைப் பார்த்தார், அதிகாரிகளைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"பீம்ராவ், உனக்குத்தான் பழக்கம். பத்து நிமிஷ வேலை. மாஸ்க்கைக் கட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துடு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் உள்ளே போகக்கூடாது என்று வரவழைத்த எந்திரம். இப்போது அந்த எந்திரத்தைக் காப்பாற்ற ஆள் உள்ளே போக வேண்டுமாம். டப்பாவுக்கு ஒன்று ஆனால் பெங்களூருக்குப் பதில் சொல்ல வேண்டும். பீம்ராவுக்கு ஒன்று ஆனால் வியாசர்பாடிக்குத்தானே பதில் சொல்ல வேண்டும், அது பெரிய காரியமா என்ன?

இவர் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து மாஸ்க்கை எடுத்தார்.

"யோவ், இன்னாயா பண்ற நீ?"

"மேஸ்திரி வேல பூடும் மலரு. சடார்னு போயி சடார்னு வந்துர்றேன்."

"நிலவனும் சடார்னுதான் போனான்."

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல் மாஸ்க்கின் வாரை இழுத்து மாட்டினார். அந்த முதுகைப் பார்த்ததும் இனிமேல் பேச்சு உதவாது என்று தெரிந்துவிட்டது. நான் போய் மேன்ஹோலின் விளிம்பில், அந்த வட்ட வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு உடம்பு கொஞ்சம் அதிகம். அதற்காக வெட்கப்பட்டிருக்கிறேன், அன்று படவில்லை. என்னைத் தாண்டி ஒரு பூனைகூட உள்ளே போயிருக்க முடியாது.

"எழுந்திரும்மா" என்றார் மேனேஜர்.

"மாட்டேன் சார்."

"இது கம்பெனி வேலை. உன் வீட்டுச் சண்டையை வீட்ல வெச்சுக்க."

"மீட்டரு இன்னா சொல்லுது சார்? அத்த மொதல்ல வாய மூடச் சொல்லு. அப்பால நான் ஏந்துக்குறேன்."

பின்னாலிருந்து நாற்றம் கழுத்தில் மோதியது. தலை கனத்தது. என் வீட்டுக்காரர் குனிந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "மலரு, அங்க குந்தாத, கேஸு வந்துகினு கீது" என்றார். குரலில் பயம். இவ்வளவு வருஷத்தில் டேங்கைப் பார்த்து அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை.

"வாசல்ல குந்திகினு கீற எனக்கே வர கேஸு, உள்ள போற உனுக்கு வராதா?"

அவர் கையை விட்டார். மாஸ்க்கைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, என் எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "செரி, போவல. நீ ஏந்து இந்தாண்ட வா. சத்தியமா போவல" என்றார். நான் அவரை நம்பினேன், ஆனால் மேனேஜரை நம்பவில்லை. காற்றுப் போக்கும் விசிறியைக் கொண்டு வந்து மாட்டச் சொன்னேன். மேஸ்திரியே போய் இழுத்துக்கொண்டு வந்தார். அதை வாசலில் வைத்து ஓடவிட்ட பிறகுதான் எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்தது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். மேஸ்திரி தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

அதிகாரிகள் அதற்குள் போய்விட்டார்கள். போகும்போது மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னார்கள். அவர் திரும்பி வந்தபோது யார்மேலும் கோபம் இல்லை. களைத்துப்போன முகம். "எந்திரமெல்லாம் வேண்டாமாம். நாளைக்கு நம்ம ஆளுங்களை வெச்சே முடிக்கச் சொல்லிட்டாங்க. இந்த டேங்க் மட்டும் இல்ல. இனிமே எல்லாமே ஆளுங்கதான். பெங்களூர்க்காரங்க டப்பாவைத் திருப்பி எடுத்துக்குவாங்க" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மறுபடியும் போய் அங்கேயே உட்காரலாமா என்றிருந்தது.

பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் ஓரத்தில் அவர், பக்கத்தில் நான். தலைவலி பிளந்தது. வீட்டுப் படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாதியில் நான்தான் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார்.

"இன்னிக்கி ஒரு ஓட்டையில குந்திட்ட. இனிமே எத்தினி ஓட்டையில போயி குந்துவ மலரு?"

 சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வேலையை விட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவர் திருப்பிக் கேட்பார், எனக்குத் தெரியாது என்று நான் சொல்வேன், அந்தச் சண்டையை எங்கள் சுவருக்குக்கூட மனப்பாடமாகத் தெரியும். "ஏந்துரு, சோறாக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குச் சண்டை போடக்கூட என் உடம்பில் தெம்பில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் போனபோது விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் சத்தமில்லாமல் தொங்கியது. மேனேஜர் தானே குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் தள்ளி நின்று எனக்கு வழிவிட்டார். மேஸ்திரியை வேலையை விட்டு நீக்கவும் இல்லை. அவரை நீக்கினால் கற்பூரம் காட்டிய போட்டோ வெளியே வருமே.

துடைப்பதற்கு இனி டப்பா இல்லை என்பதால் எனக்கு வேறு வேலை கொடுத்தார்கள். உள்ளே போகிறவர் இடுப்பில் கயிறு கட்டி, அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். நான் இழுத்தால் உள்ளேயிருந்து பதிலுக்கு இழுப்பார்கள். பதில் வராவிட்டால் கூச்சல் போட்டு எல்லோருமாக வெளியே இழுக்க வேண்டும். முதலில் போகிறவர் பீம்ராவ். அவருக்குத்தானே பழக்கம்.

கயிற்றை நானே கட்டினேன். முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். "இடுப்ப ஒடிச்சிடுவ போல கீதே" என்று சிரித்தார். ஒருக்களித்து நுழைந்தார். முதலில் தலை மறைந்தது, பிறகு முதுகு, கடைசியாகச் சேற்றுக் கறை படிந்த பூட்ஸ். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு டப்பாவாக வாசலுக்கு வந்தது. ஜெரி வாங்கிப் பெட்டியில் அடுக்கினான். எதிலும் பொட்டு தெரியவில்லை, எல்லாம் ஒரே கறுப்பு. கடைசி டப்பாவும் வந்தது. அவர் வரவில்லை. உள்ளே மண்வெட்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

கயிற்றை இழுத்தேன். பதிலுக்கு இழுத்தார். கொஞ்சம் பொறுத்து இழுத்தேன். இழுத்தார். மூச்சு விடுவதற்குள் மறுபடி இழுத்தேன்.

"ஏய் மலரு!" டேங்குக்குள்ளிருந்து குரல் முழங்கிக்கொண்டு வந்தது. "சும்மா சும்மா இஸ்துகினே இருந்தா எப்டி? வேல செய்ய வாணாவா?"

"கீறியா பூட்டியான்னு பாக்குறேன். நீ உன் வேலயப் பாரு!" என்று கத்திவிட்டு, மறுபடியும் இழுத்தேன்.